வைகை அணையின் 6 மெகாவாட்

மதுரைக்காரங்க எல்லாரும் வைகை அணையில போட்டோ எடுத்திருப்போம். அணைக்குக் கீழே ஒரு சின்ன பவர் ஹவுஸ் இருக்கே, கவனிச்சீங்களா? 1959-ல் திறந்த அணை அது. எப்படியும் வெளியே விடுற தண்ணீரோட வேகத்தை ஏன் வீணாக்கணும்னு, பல வருஷம் கழிச்சு சேர்த்த நிலையம். தலா 3 மெகாவாட்டில் ரெண்டு மெஷின்.

எவ்வளவு கிடைக்கும்? நான் ஒரு தோராயக் கணக்கு போட்டேன். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். விநாடிக்கு 1,000 கன அடி, 60 அடி உயரத்திலிருந்து இறங்கினா, இழப்பு போக 4 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேல. ஒரு மணி நேரத்துல 4,000 யூனிட்! ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் ஓடுற பத்து வீட்டோட பில் அது. நீர்மட்டம் 30 அடிக்கு இறங்கினா, அதே 1,000 கன அடி பாதிதான் தரும்.

உயரம் எவ்வளவு முக்கியம்னா, இதே தண்ணீரில் ஒரு பங்கு முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியா வருது. மலையிலிருந்து குழாயில இறங்கி லோயர் கேம்ப்ல டர்பைனைச் சுழற்றிட்டுத்தான் வைகைக்கே வரும். அங்கே திறன் 140 மெகாவாட்டுக்கு மேல.

சரி, மே மாசம் நாம ஏசி போடும்போது வைகை மெஷின் ஓடுதா? பெரும்பாலும் இல்லை. ஏன்னா ஷட்டரை எப்போ திறக்கணும்னு முடிவு பண்றது மின்வாரியம் இல்லை. மேலூர், திருமங்கலம் வயலுக்கு, மதுரைக்குக் குடிக்க, சித்திரையில அழகர் ஆத்துல இறங்க, இதுக்கெல்லாம்தான் திறப்பாங்க. கரண்ட் கூடவே கிடைக்கிற லாபம். கோடையில குடிநீருக்கு விடுற கொஞ்சத் தண்ணீர் டர்பைனைச் சுழற்றப் போதாது.

கரண்டுக்காகவே கொஞ்சம் திறந்தா என்னன்னு எனக்கும் தோணுச்சு. டர்பைன் ஒரு சொட்டுகூடக் குடிக்காது, எல்லாம் ஆத்துக்கே திரும்பிடும். ஆனா திரும்புற நேரம் தப்பு. மே மாசம் ஓடிப்போன தண்ணீரை நாற்று நடும்போது யார் கொண்டு வர்றது? கடைமடைக்காரர்தான் முதல்ல அடிபடுவார். ஏசிக்கு காற்றாலை, சோலார்னு வேற வழி உண்டு, அவருக்கு?

பேப்பர்ல தினமும் வைகை நீர்மட்டம் போடுறாங்க. பக்கத்துல வெளியேற்றம்னு ஒரு எண் இருக்கும். அது நூறு கன அடிக்குக் கீழேன்னா, மெஷின் நிக்குதுன்னு வச்சுக்கலாம்.