'டமால்'னா பேங்கா, பூமா?

ஒரு குட்டி டெஸ்ட், பாஸ். ஹாஸ்டல் மாடியில் யாரோ கோபத்துல கதவைச் சாத்துறாங்க. பின்னாடி மரத்திலிருந்து தேங்காய் மண்ணுல விழுது. மெஸ்ஸில் எவர்சில்வர் தட்டு அடுக்கு சரியுது. மூணையும் இங்கிலீஷ்ல சொல்லுங்க பார்க்கலாம். மூணுக்குமே 'பிக் சவுண்ட்'தானா? அப்போ இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

தமிழில் இந்த விஷயத்துல நாம கில்லாடிகள். தண்ணியில விழுந்தா தொபுக்கடீர், துப்பாக்கின்னா டுமீல். தேங்காய் 'டுமீல்'னு விழுந்துச்சுன்னு சொன்னா கிளாஸே சிரிக்கும். ஆங்கிலக்காரர்கள் காதும் அப்படித்தான்.

கதவுக்கு 'ஸ்லாம்'. வேகமா, பெரும்பாலும் கோபமா அறைஞ்சு சாத்துறது. (காத்துக்குக் கோபம் கிடையாது, ஆனா அதுவும் ஸ்லாம் பண்ணும்!) தேங்காய்க்கு 'தட்'. கனமான பொருள் மெத்துனு இருக்கிற இடத்துல விழுற மொத்தையான சத்தம். தட்டு அடுக்குக்கு 'கிளாட்டர்'. கெட்டியான பொருட்கள் ஒண்ணோட ஒண்ணு திரும்பத் திரும்ப மோதுற சத்தம். அதுவே கண்ணாடி டம்ளர்கள் மொத்தமா விழுந்து நொறுங்கினா 'க்ராஷ்'.

இப்போ நம்ம ஹீரோக்கள், பேங்கும் பூமும். 'பேங்' சட்டுனு வந்து சட்டுனு முடியும். டயர் வெடிச்சா பேங். 'பூம்' அடிவயிற்றிலிருந்து வர்ற மாதிரி ஆழமான சத்தம்; கொஞ்ச நேரம் அதிர்ந்துட்டுத்தான் அடங்கும். 2020 மே 20 அன்று மதியம் பெங்களூருவே ஒரு சத்தத்தால் அதிர்ந்தது. ஜன்னல்கள் ஆடின, நிலநடுக்கமோ என்றுகூடப் பலர் பயந்தார்கள். கடைசியில் விமானப்படையின் சோதனை விமானம் ஒலியைவிட வேகமாகப் பறந்ததால் வந்த 'சானிக் பூம்' அது என்று தெரிந்தது. விமானம் கிளப்பியது பூம். ஜன்னல்கள் கடகடவென்று ஆடியது 'ராட்டில்'.

இங்கே ஒரு வேடிக்கை. சாட்டையைச் சொடுக்கினால் வரும் சத்தமும் குட்டி சானிக் பூம்தான், ஏன்னா அதன் நுனி ஒலியைவிட வேகமாகப் போகுது. ஆனா அதை யாரும் பூம் என்று சொல்வதில்லை, 'க்ராக்' என்பார்கள். பிசிக்ஸ் ஒண்ணுதான், காதுக்கு வேற. பெயர் வைக்கிறது காதுதான்!

இடியும் அப்படித்தான். பக்கத்துல விழுந்தா க்ராக் அல்லது 'கிளாப்'. தூரத்துல உறுமினா 'ரம்பிள்'. மின்னல் பாதை கிலோமீட்டர் கணக்கில் நீளம். அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சத்தம் வேற வேற நேரத்துல வந்து சேர்றதால இழுத்துக்கிட்டே உருளுது.

'பிக் பேங்' கதையும் தெரிஞ்சுக்கங்க. 1949-ல் பிபிசி ரேடியோவில் விஞ்ஞானி ஃப்ரெட் ஹாயல் சொன்ன பெயர் அது. அந்தக் கொள்கையை அவர் கடைசிவரை ஏற்கவே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

'இதெல்லாம் எதுக்கு பாஸ், நான் மெக்கானிக்கல்'னு சொல்றீங்களா? உங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம். நாளைக்கு ஒரு கார் கம்பெனி சர்வீஸ் லைன்ல உட்கார்றீங்க. எதிர்முனையில் வெளியூர்க்காரர். 'பிரேக்குல நாய்ஸ்' என்றால் ஒண்ணும் புரியாது. கீச்சுனு 'ஸ்குவீல்' என்றால் பிரேக் பேட் தேய்ஞ்சுட்டு வந்திருக்கலாம், செக் பண்ணணும். கரகரன்னு 'கிரைண்ட்' என்றால் பேட் மொத்தமும் தேய்ஞ்சு இரும்போடு இரும்பு உரசுதுன்னு சந்தேகப்படணும். வண்டியை ஓரங்கட்டச் சொல்லணும். அவர் வெறும் நாய்ஸ்னு சொன்னாலும், 'ஸ்குவீலா, கிரைண்டா?'னு நீங்க திருப்பிக் கேட்கணும். அந்த ஒரு கேள்வியில் அவர் உயிரே இருக்கலாம்.

கடைசியா ஒரு கண்ணிவெடி. காம்ப்ரிஹென்ஷன் பேசேஜில் 'எ லவுட் ரிப்போர்ட்' கேட்டதுன்னு வந்தா, எந்தப் பேப்பர்ல வந்த ரிப்போர்ட்னு தேடாதீங்க. துப்பாக்கி வெடிச்ச சத்தத்துக்கும் இங்கிலீஷ்ல ரிப்போர்ட்னுதான் பேரு!