எஃகுச் சட்டகத் தொழிலாளர்: பணியும் மொழியும்

முன்னுரை

உயர்ந்த கட்டடங்களைத் தாங்கும் எஃகுச் சட்டகங்களை நிறுத்துவோருள் தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த தொழிலாளர்களும் உளர். அவர்தம் பணியின் இயல்பை விளக்குவதும் அப்பணியில் மொழி பெறும் இடத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பணியின் படிநிலைகள்

பட்டறையில் வெட்டித் துளையிடப்பெற்ற தூண்களும் உத்திரங்களும் களத்திற்கு வருகின்றன. அடித்தளக் கான்கிரீட்டில் பதிக்கப்பட்ட போல்ட்டுகளின்மீது முதலில் தூண் நிறுத்தப்படுகிறது. பின்னர்ப் பாரந்தூக்கி உத்திரத்தை உயர்த்துகிறது; அது சுழலாதவாறு தரையில் நிற்பவர் கயிற்றால் கட்டுப்படுத்துகிறார். மேலே இருப்பவர் துளைகளை நேர்ப்படுத்திப் போல்ட்டுகளைத் தளர்வாகப் பூட்டுகிறார். தூண்களின் செங்குத்து நிலையைச் சரிபார்த்த பின்னரே அவை முழுமையாக இறுக்கப்பெறுகின்றன.

இதில் பிழைக்கு இடம் மிகக் குறைவு. 20 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 22 மில்லிமீட்டர் துளையிடுவது வழக்கம். வெப்பம் 20 பாகை செல்சியஸ் கூடினால் 10 மீட்டர் உத்திரம் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் நீளும். எனவே காலையில் பொருந்தும் துளை நண்பகலில் பொருந்தாமற் போகலாம். அந்நிலையில் துளையைத் தாமே பெரிதாக்கினால் இணைப்பின் வலிமை குன்றக்கூடும். மேற்பார்வையாளரிடம் தெரிவிப்பதே முறை.

இணைப்பு பிழைபடின்

2004 ஏப்ரல் 20ஆம் நாள் சிங்கப்பூர் நிக்கல் நெடுஞ்சாலை அருகே, சுரங்க இரயில் பாதைக்காக ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம் தோண்டப்பட்டிருந்த பள்ளம் சரிந்து நால்வர் உயிரிழந்தனர். பள்ளத்தின் பக்கச் சுவர்களைத் தாங்கிய எஃகுத் தாங்கிகளின் இணைப்பு, போதிய வலிமையின்றி வடிவமைக்கப்பட்டிருந்தது முதன்மைக் காரணங்களுள் ஒன்று என விசாரணைக் குழு கண்டது. பிழை வடிவமைப்பில் இருந்தது. ஆயினும் எஃகு வளைவதையும் ஓசை எழுவதையும் களத்திலிருந்தோர் அன்று காலையிலேயே உணர்ந்தனர். பிற்பகல் 3.30 மணியளவில் பள்ளம் சரிந்தது.

மொழியின் இடம்

ஆபத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் தொழிலாளரே. வளைவு, நெளிவு, விரிசல், தளர்வு என ஒவ்வொரு குறைக்கும் அவரிடம் தனித்தனிச் சொல் உண்டு. தூக்குக்குண்டு, ரசமட்டம் போன்ற கொத்தனார் வழக்குகளும் அவருக்குப் பழக்கமானவை. ஆனால் மேற்பார்வையாளர் பிறமொழியினராயின், இந்நுண்மை முழுவதும் ‘சரியில்லை’ என்னும் ஒரு சொல்லளவில் சுருங்கிவிடுகிறது. சிங்கப்பூரில் பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடத்தப்பெறுகிறது. அப்பயிற்சி விதிகளை விளக்குவதோடு நில்லாது, குறைகளைச் சுட்டும் தமிழ்ச் சொற்களை அவற்றிற்குரிய ஆங்கிலச் சொற்களோடு இணைத்துக் கற்பித்தல் வேண்டும்.

முடிவுரை

கலைச்சொல்லாக்கம் நூலகத்தோடு முடிவதன்று. கட்டுமானக் களத்தின் சொற்களைத் தொகுத்து இருமொழிப் பட்டியலாக்குவது தமிழாசிரியர்களால் இயலும் பணியாகும். கண்ட குறையை உரிய நேரத்தில், உரிய சொல்லால் கூற இயன்றால் உயிர்கள் காக்கப்படும்.