தீபாவளிக்கு மணிலா - சாக்லேட் அடுக்கு மிட்டாய்



தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாட்களில் மணிலாப் பயிறும் வெல்லமும் சேர்ந்தே விற்கும் என்பது நமக்குப் பழக்கமானது. இப்போது பிள்ளைகள் கடலை உருண்டையோடு நிற்பதில்லை, சாக்லேட் கேட்கிறார்கள். அடியில் மணிலா விழுது, மேலே சாக்லேட் என அடுக்காகச் செய்யும் மிட்டாயை வீட்டிலேயே செய்யலாம். அடுப்பு வேலையும் குறைவு. சாமான் வாங்க வருபவருக்குச் செய்முறை சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் நான்கு சரக்கு கூடுதலாகவே போகும்.

அரை கிலோ பயிறைச் சிறு தீயில் வறுத்து, தோல் நீக்கி, நன்கு ஆறியபின் மிக்சியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். முதலில் மாவாகும், பிறகு எண்ணெய் கக்கி விழுதாகும். தண்ணீர் கூடவே கூடாது. 300 கிராம் பொடித்த சர்க்கரை, 50 கிராம் உருக்கிய நெய், சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசைந்து தட்டில் அழுத்திப் பரப்பவும். 250 கிராம் சாக்லேட்டை, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த உலர்ந்த கிண்ணத்தில் உருக்கி ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். முழுதும் இறுகுமுன் வில்லை போடவும். இறுகிய பிறகு கத்தி வைத்தால் மேலடுக்கு நொறுங்கும்.

அசல் சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரி வெப்பத்திலேயே உருகும். நம் கள்ளக்குறிச்சி வெயிலுக்கு அது தாங்காது. வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த ‘காம்பவுண்ட்’ கட்டி தாங்கும், விலையும் குறைவு. ஆனால் ருசி ஒன்றல்ல. எது எது என்று சொல்லி விற்பதே முறை. சிலர் சர்க்கரைக்குப் பதிலாகக் கல்வராயன் மலைத்தேன் சேர்க்கலாமா என்பார்கள். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், வில்லை பிசுபிசுத்துவிடும். தேனைத் தேனாகவே விற்போம்.

இனி முக்கியமான சங்கதி. ஆடிப்பட்டத்து மணிலா பறிக்கும் சமயத்தில்தான் ஐப்பசி மழை பிடிக்கும். காயில் ஈரம் 8, 9 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த மணிலாப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு வெளிப்பட்டது. மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரவும் இது காரணமாகிறது. வறுத்தால் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். வறுப்பதில் ஓரளவு குறையுமே தவிர முழுதும் போகாது. அரைத்து, இனிப்பிட்டு, மேலே சாக்லேட்டும் பூசிவிட்டால் கெட்ட பயிறின் கசப்பு நாக்குக்கே தெரியாது. தின்பதோ குழந்தைகள்.

ஆகவே கொள்முதலிலேயே பார்க்க வேண்டும். காயைக் காதருகே குலுக்கினால் உள்ளே மணி ஆடும் ஓசை வர வேண்டும். பயிறை இரண்டாகப் பிளந்தால் வளையாமல் முறிய வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கவும். பொறுக்கிய கழிவைச் செக்குக்கோ மாட்டுத் தீவனத்துக்கோ தள்ளிவிடும் வழக்கம் நம் தொழிலில் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தத் தீவனம் தின்ற மாட்டின் பாலிலும் நஞ்சு இறங்கும். மூட்டைக்கு ஒரு கிலோ நட்டமானாலும் அழித்துவிடுவதே நேர்மை. சிப்பங்களைச் சிமெண்ட் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கவும்.

மிட்டாயைத் தாமே செய்து பொட்டலம் போட்டு விற்க நினைக்கும் உறுப்பினர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்ற பிறகே தொடங்கவும். தயாரித்த தேதியோடு, நிலக்கடலை உள்ளது என்பதையும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். சிலருக்கு அது ஒவ்வாமல் மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகும். தீபாவளிக்கு நான்கைந்து நாள் முன்பு செய்தால் போதும். முன்கூட்டியே செய்து அடுக்கினால் மணிலா எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும்.