யூதரின் வழியனுப்பும் வழக்கங்கள்

வளர்ந்த பிள்ளைகள் படிப்புக்காகவோ வேலைக்காகவோ பெற்றோரின் வீட்டை விட்டுச் செல்லும்போது செய்வதற்கென்று யூத சமயம் தனிச் சடங்கு எதையும் வகுக்கவில்லை. பிறப்பு, 13 வயதில் ஆண் பிள்ளைக்கு வரும் பார் மிட்சுவா, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குச் சடங்குகள் உண்டு. பிரிவின் நாளுக்கு வேறு தருணங்களின் வழக்கங்களையே குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன.

முதலாவது, வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் தொடங்கும்போது பிள்ளையின் தலையில் கை வைத்துப் பெற்றோர் வழங்கும் ஆசி. மகளுக்குச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் ஆகியோரின் பெயரும் மகனுக்கு எப்பிராயீம், மனாசே ஆகியோரின் பெயரும் சொல்லப்படும். இவ்விருவரும் முன்னோரின் நாட்டில் அல்லாமல் எகிப்தில் பிறந்து வளர்ந்தவர்கள்; வெளியூர் போகும் மகனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்கள் கிடைப்பது அரிது. தொலைவில் இருக்கும் பிள்ளைக்குத் தொலைபேசியில் ஆசி கூறுவோரும் உண்டு. ஓய்வுநாளில் தொலைபேசியைத் தொடாத குடும்பத்தினர் பொழுது சாயும் முன்பே பேசிவிடுவர்.

புறப்படுபவரிடம் உறவினர் சிறு தொகை கொடுத்து, போய்ச் சேரும் ஊரில் ஏழை ஒருவருக்குத் தரச் சொல்வதும் வழக்கம். நற்செயலுக்காக அனுப்பப்பட்டவருக்கு வழியில் தீங்கு நேராது என்னும் தல்மூது நூலின் கருத்தே இதற்கு அடிப்படை. உளுந்தூர்பேட்டைப் பக்கத்து வாசகர்களுக்குக் குலதெய்வத்தை வேண்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது நினைவுக்கு வரலாம். ஆனால் அந்தக் காசு சாமிக்கு உரியது, வீட்டிலேயே இருக்கும். இதுவோ பயணியுடன் சென்று முகமறியாத ஒருவரைச் சேர்கிறது.

இந்தியாவில், மராட்டியத்தின் கொங்கண் கடற்கரையைச் சேர்ந்த பெனே இஸ்ரவேல் யூதரிடம் ‘மலிதா’ என்னும் சடங்கு உள்ளது. நனைத்த அவலுடன் தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய் சேர்த்துத் தட்டில் குவித்து, சுற்றிலும் பழங்களை வைத்து, எலியா தீர்க்கதரிசியைப் போற்றிப் பாடிய பின் அனைவரும் பகிர்ந்து உண்பர். திருமணம், நேர்ச்சை நிறைவேறுதல், புதுமனை புகுதல் ஆகியவற்றோடு நெடும்பயணம் புறப்படும்போதும் இது செய்யப்படுகிறது. எலியா இறங்கி வந்ததாக இவர்கள் நம்பும் இடம் அலிபாக் அருகிலுள்ள கண்டாலா கிராமம் (அதே பெயருடைய மலைவாசத்தலம் வேறு). அவருடைய தேர் பதித்த தடம் என்று அங்குள்ள பாறையில் ஒரு சுவடு காட்டப்படுகிறது.

1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு இச்சமூகத்தவரில் பெரும்பாலோர் அங்கு குடியேறினர். பல வீடுகளில் பிள்ளைகள் முதலில் சென்றனர், பெற்றோர் பின்னர் சென்றனர். அங்கும் அவர்கள் மலிதாவைக் கைவிடவில்லை. இந்தியாவுக்கு வரும்போது கண்டாலாப் பாறையையும் பார்த்துச் செல்வோர் உண்டு.