திருகாணி போட்ட முழங்கால்

கென்டக்கியில் லெக்சிங்டனைச் சுற்றியுள்ள பண்ணைகளில் குதிரை வைத்தியனாக இருந்த காலத்தில், நான் அதிகம் தடவிப் பார்த்தது முழங்கால்களைத்தான். முன்னங்கால் முட்டி இரண்டும் உள்வாங்கி, குளம்பு வெளியே விலகி நிற்கும் குட்டி ஒன்றாவது வருடாவருடம் வந்துவிடும்.

ஒரு வயதை நெருங்கும்போது மயக்கம் கொடுத்துப் படுக்க வைப்போம். முட்டிக்குச் சற்று மேலே, எலும்பு நீளுகிற குருத்தெலும்புத் தட்டின் ஊடாக, உள்பக்கத்தில் 4.5 மில்லிமீட்டர் திருகாணி ஒன்று. உள்பக்க வளர்ச்சி தடைபடும்; வெளிப்பக்கம் வளர்ந்து எட்டிப்பிடிக்கும்; கால் நிமிரும். நிமிர்ந்ததும் கழற்றிவிட வேண்டும், அசந்தால் மறுபக்கம் வளையும். தழும்பை முடி மூடிவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சில கால்களில் விரலுக்கு மட்டும் மிளகளவு மேடு தட்டுப்படும்.

செப்டம்பரில் கீன்லேண்டில் ஒரு வயதுப் பந்தயக் குட்டிகளின் ஏலம். ஏலப் புத்தகத்தில் தாய், பாட்டி வென்ற பெரிய பந்தயங்கள் தடித்த எழுத்தில் இருக்கும். திருகாணிக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை. ஓட்டத்துக்கு வாங்குபவருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. குட்டி எடுக்க வாங்குபவர் பாடுதான் திண்டாட்டம். திருகாணி எலும்பைத் திருத்துமே ஒழிய வித்தைத் திருத்தாது. பெண்குதிரையாவது வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். பேர்பெற்ற பொலிகுதிரை ஒரே பருவத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்குதிரைகளோடு சேரும். 2020இல், குதிரைகளைப் பதிவு செய்யும் ஜாக்கி கிளப் அதற்கு 140 என்று வரம்பு கட்டியது. 2022இல் தானே எடுத்துவிட்டது.

கோணலெல்லாம் பரம்பரை என்றும் சொல்ல மாட்டேன். குறைமாதத்தில் பிறந்தாலும் முட்டி எலும்பு இறுகாமல் கால் கோணும். 1998இல் கென்டக்கி டெர்பியை வென்ற ரியல் குவையட், கோணல் காலோடு 17,000 டாலருக்கு விலைபோன குதிரை. ஆகவே மறைக்க வேண்டிய வெட்கம் இதில் எதுவுமில்லை. வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் கணக்கை அவர் போட்டுக்கொள்வார்.

ஒருமுறை, ஏலத்தில் பெண்குதிரை வாங்கிய ஒருவர் அதன் முதல் குட்டியைக் காட்டக் கூப்பிட்டார். முட்டி இரண்டும் உள்ளே. “தாய்க்குக் கால் நேராத்தானே இருக்கு, டாக்டர்? இதுக்கு எங்கிருந்து வந்தது?”

அந்தத் தாய்க்குத் திருகாணி போட்டவன் நான். பழைய சொந்தக்காரரின் இரகசியம் என்று, குனிந்து குட்டியின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அதற்கும் நான்தான் போட்டேன்.