பில் கம்ப்யூட்டரின் மின்பெட்டியைச் சோதித்தீர்களா?

நம் கடை மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை காட்டி முத்திரை பெறுகிறோம். தவறினால் அபராதம். அந்தத் தராசுக்குப் பக்கத்திலேயே பில் போடும் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நாம் யாரும் சோதிப்பதில்லை. நாமும் பட்ட பிறகுதான் சோதித்தோம்.

மேனாம்பேட்டில் நமது மொத்தக் கடையில், ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், கரண்ட் நொடிப்பொழுது போய் வந்தாலே கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. யு.பி.எஸ். இருந்தும் இந்த நிலை! பழுது பார்க்க வந்தவர் யு.பி.எஸ். பாட்டரியை மாற்றினார், பலனில்லை. கடைசியில் பில் போட்டுக் கொண்டிருக்கும்போதே அணைந்து, இரண்டு நாள் பற்றுக் கணக்கு அழிந்தது. சில்லறைக் கடைக்காரர்களிடம், "அண்ணாச்சி, நீங்க தர வேண்டியது எவ்வளவு?" என்று நாமே கேட்கும் நிலை. பெரும்பாலோர் நேர்மையாகச் சொன்னார்கள். எல்லோரும் என்று சொல்ல மாட்டோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின்னணுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் வந்து பார்த்தார். பெட்டியைத் தனியே கழற்றி, பச்சை வயரையும் கருப்பு வயரையும் இணைத்தார். விசிறி சுற்றியது; மீட்டரும் 12 வோல்ட் காட்டியது. "இது வெறும் தராசு மாதிரி. முள் நேராத்தான் நிக்கும். எடை வச்சாத்தான் குறை தெரியும்" என்றார்.

பிறகு கம்ப்யூட்டரில் மாட்டி, வேலை ஓடும்போது அளந்தார். மஞ்சள் வயரில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வரவேண்டும். 5 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். அதாவது மஞ்சளில் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. நமது பெட்டியில் 11.1 தான் இருந்தது.

யு.பி.எஸ். மீது நாம் வீண்பழி போட்டிருக்கிறோம். சாதாரண யு.பி.எஸ். பாட்டரிக்கு மாற ஒரு நொடியில் ஆயிரத்தில் 10 பங்கு வரை நேரம் எடுக்கும். அந்த இடைவெளியைத் தாங்க, பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டர் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. நல்ல பெட்டி ஏறத்தாழ 16 பங்கு தாக்குப் பிடிக்கும். சூட்டில் கெபாசிட்டர் வற்றினால் அது முடியாது. சுமார் 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகிறது. மிளகாய்த் தூளும் மைதாவும் பறக்கும் மளிகைக் கடையில் விசிறி அடைத்துக் கொள்வதற்குக் கேட்கவா வேண்டும்?

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். முதலில் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். பில் மென்பொருளை மூடிவிட்டு, பெரிய வீடியோ ஒன்றை ஓட விடுங்கள். யு.பி.எஸ்.ஸின் பிளக் சுவிட்சை அணையுங்கள். நாலைந்து முறை செய்தும் கம்ப்யூட்டர் அசையாவிட்டால் நல்லது. அணைந்தால், அதே யு.பி.எஸ்.ஸில் வேறொரு கம்ப்யூட்டரை மாட்டிப் பாருங்கள். அதுவும் அணைந்தால் கோளாறு யு.பி.எஸ்.ஸில்.

வோல்ட் சரியாக இருந்தும் மின்சாரத்தில் நடுக்கம் இருக்கலாம். அது மீட்டரில் தெரியாது, ஆசிலாஸ்கோப் வேண்டும். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட் நடுக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. நண்பரின் பட்டறையில் நமது பழைய பெட்டி அதைவிட இருமடங்கு காட்டியது.

பெட்டியைத் திறந்து தூசு தட்டும் ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். நம் கடைப் பையன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றான். நண்பர் அதட்டி விரட்டினார்.