உதவி கேட்கச் சில ஆங்கிலத் தொடர்கள்

வெளிநாட்டில் வாழும் மகன் அல்லது மகள் இல்லத்தில் சில மாதங்கள் தங்கிவரப் புறப்படும் பெற்றோர் பலர், பயணத்திற்கு முன் மருந்துச் சீட்டுக்காக எங்களிடம் வருகின்றனர். பிள்ளைகள் பணிக்குச் சென்றபின் தனித்திருக்கும் வேளையில் உடல்நலம் குன்றினால் எவ்வாறு உதவி கேட்பது என்பதையும் அவர்கள் அறிந்து செல்வது நலம்.

தமிழில் பணிவு வினைச்சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. 'தண்ணீர் கொடுங்கள்' என்பதில் மரியாதை உண்டு. அதனையே 'கிவ் மீ வாட்டர்' எனப் பெயர்த்தால், ஆங்கிலேயர் செவிக்கு அது கட்டளையாக ஒலிக்கும். 'கேன் ஐ ஹாவ் சம் வாட்டர், ப்ளீஸ்?' என்பதே பணிவான வடிவம். பிறர் ஒரு செயலைச் செய்ய வேண்டுமெனில், 'கேன் யூ' என்று தொடங்கி 'ப்ளீஸ்' என்று முடித்தால் போதும். மகளை அழைக்கச் சொல்வதற்கு 'கேன் யூ கால் மை டாட்டர், ப்ளீஸ்?' எனலாம்.

உதவியை ஏற்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. முதலில் 'வேண்டாம், பரவாயில்லை' என்று மறுத்து, மீண்டும் வற்புறுத்தும்போது ஏற்பது நம் வழக்கம். ஆங்கிலத்தில் 'நோ' என்றால் பெரும்பாலும் அதுவே முடிவு. கழிவறைக்குச் செல்லத் துணை வேண்டுமா என்னும் பொருளில் செவிலியர் 'டூ யூ நீட் எனி ஹெல்ப்?' என்று கேட்டால், தயங்காமல் 'யெஸ், ப்ளீஸ்' என்று கூறுங்கள். தலைச்சுற்றல் உள்ள முதியவர் தனியே நடந்து விழுந்தால், இடுப்பெலும்பு முறிய நேரலாம். அருகிலுள்ள நோயாளி துன்புறுவதைக் கண்டால், 'ஷால் ஐ கால் த நர்ஸ்?' என்று நீங்களும் உதவ முன்வரலாம்.

எல்லாவற்றினும் கவனிக்க வேண்டிய சொல் 'கொஞ்சம்'. 'கொஞ்சம் வாருங்கள்' என்பதில் அது அளவன்று, பணிவு. 'கொஞ்சம் வலிக்கிறது' என்பதை 'லிட்டில் பெய்ன்' என்று கூறினால், கேட்பவர் இலேசான வலி என்றே கருதுவார். வலியின் அளவைப் பூச்சியம் முதல் பத்து வரையிலான எண்ணால் கூறுவது பாதுகாப்பானது. பூச்சியம் வலியின்மை, பத்து தாங்கவியலாத வலி.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் திடீரெனச் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் பணிவுத் தொடர்களைத் தேட வேண்டா. 'செஸ்ட் பெய்ன்' அல்லது 'கான்ட் ப்ரீத்' என்று நோயை முதலில் கூறி, 'ஹெல்ப் மீ நவ்' என்று சேர்த்தால் போதும். மாரடைப்பில் காலம் கடக்கக் கடக்க இதயத்தசை அழிகிறது. தொந்தரவு தருகிறோமே என்ற கூச்சம் அங்கு ஆகாது.

அவசர உதவிக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் 995 ஆகிய எண்களை அழைக்க வேண்டும். வீட்டு முகவரியைத் தொலைபேசியின் அருகில் எழுதி வையுங்கள். ஆங்கிலம் தடைப்பட்டால், 'டமில் இன்டர்ப்ரிட்டர், ப்ளீஸ்' என்று கேளுங்கள். பிரிட்டன், அமெரிக்க மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கோரலாம்.

இத்தொடர்களைப் புறப்படுமுன் பேரக்குழந்தைகளிடம் தொலைபேசியில் சொல்லிப் பழகுங்கள். இலக்கணம் பிழைத்தாலும் பொருள் விளங்கினால் உதவி வந்துசேரும்.